செத்த மூலையும் அரைக் காதும்

அம்புக்காரர் தொட்டிலில் கிடந்தபோதே முதல் ஆளை அடித்துவிட்டார் என்று அவருடைய அம்மா சொல்வதுண்டு. கொஞ்சக் குனிந்த அத்தையின் மூக்கில் ஓர் உதை. அத்தை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் கால் நல்ல பலம் என்று பெருமைப்பட்டாராம். அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை கண்டித்திருந்தால் பிற்பாடு பலருடைய பற்கள் தப்பித்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் அவர் இரண்டில்தான் தேறினார்: கணக்கு, கைகலப்பு. இரண்டையும் ஒரே வேலையில் பயன்படுத்த முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒரு வேலை அவருக்காகக் காத்திருந்தது. தண்ணீர் எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்துப் படம் போட வேண்டும். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும், இதற்கு ஓர் ஆளா, அந்த ஆளுக்கு ஒரு சம்பளமா என்று பெண் கொடுத்த மாமனார் கேட்டார். கேட்டுவிட்டுப் பெண்ணையும் கொடுத்தார். வேறு யாரும் கேட்டு வரவில்லை.

சன்னல்களுக்குக் கறுப்புத் துணி போர்த்திய அறை அது. நடுவில் இரும்புத் தாங்கிமேல் கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் தொட்டி, இடுப்பளவு உயரம். அடுத்த கட்டிடத்தில் இருக்கும் நிஜக் கலனின் குட்டி உருவம். உள்ளே தண்ணீர், தண்ணீரைச் சுழற்ற மோட்டாரில் மாட்டிய கலக்கி. மாவு போன்ற பொடிக் கண்ணாடி மணிகளைத் தண்ணீரில் தூவி, பக்கவாட்டிலிருந்து பச்சை லேசர் ஒளியை ஒரு தாள்போல விரித்து உள்ளே செலுத்துவார். ஒளிபட்ட மணிகள் மின்னும். கேமரா கண்ணிமைப்பதற்குள் இரண்டு படம் எடுக்கும். முதல் படத்தில் இருந்த மணி இரண்டாவதில் எங்கே போயிருக்கிறது என்று கணினி தேடிப் பிடித்து ஓர் அம்பு போடும். நீள அம்பு என்றால் அங்கே வேகம். குட்டை அம்பு என்றால் சோம்பல். அம்பே இல்லாத இடத்துக்கு ஆலையில் செத்த மூலை என்று பெயர். இப்படி ஆயிரக்கணக்கில் அம்பு போட்டவரை ஆலை வேறென்ன பெயரிட்டுக் கூப்பிடும்?

மற்றவர்களுக்கு அது தண்ணீர். அவருக்கு அது தெருச்சண்டை. கலக்கி அறைகிறது, அறை வாங்கிய தண்ணீர் சுவரில் போய் மோதுகிறது, சுவர் அதைத் திருப்பி உதைக்கிறது, உதை வாங்கியது பக்கத்துத் தண்ணீரின் கழுத்தைப் பிடிக்கிறது. இத்தனை அமளியிலும் ஒரு மூலையில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஒருத்தன் நிற்பான். சண்டையில் கத்துகிறவனை நம்பலாம், சும்மா நிற்கிறவனிடம்தான் கத்தி இருக்கும் என்பது அம்புக்காரர் சிறு வயதிலேயே தொடையில் தையல் போட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

இனி மச்சான். அம்புக்காரருடைய மனைவியின் அண்ணன். அதே ஆலையில், அடுத்த கட்டிடத்தில், நிஜக் கலனை ஓட்டுகிறவர். இரண்டு மாடி உயர எஃகுக் கலனில் எண்ணெய் சுழன்றுகொண்டிருக்கும்; அதற்குள் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். விழுந்த அமிலம் உடனே கலந்து, கொஞ்சமாகச் சூடாகி, அந்தச் சூட்டைக் குளிர்நீர்க் குழாய்கள் வாங்கிக்கொண்டு போனால் எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

மச்சானுடைய குணம் கல்யாணத்தன்றே ஊருக்குத் தெரிந்துபோனது. படம் எடுக்க வந்தவர், பெண்ணின் அண்ணனைப் பார்த்து, கொஞ்சம் சிரிங்க சார் என்றார். மச்சான் ஓர் அறை விட்டார். அதோடு முடிந்திருக்கும். படக்காரர் நின்றிருந்தால் ஓர் அறையோடு போயிருக்கும். அவர் ஓடினார். ஓடுகிறவனைக் கண்டால் மச்சானுக்குக் கண் தெரியாது. தன் புதுச் செருப்பு ஒன்று இந்தத் தெருவிலும் இன்னொன்று அடுத்த தெருவிலும் விழ, துரத்திப் பிடித்து, கேமரா கழுத்தில் தொங்கத் தொங்கவே அவரை மிதித்தார். அந்தக் கல்யாணத்தில் கடைசியாக எடுத்த படம் ஒரு செருப்பில்லாத காலின் படம்.

அன்று மாலையே மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் முதல் சண்டை, காரில் முன் இருக்கை யாருக்கு என்று. காரின் கதவு கையோடு வந்தது. பிறகு அது ஓயவே இல்லை. அம்புக்காரருடைய மனைவி நடுவில் விழுந்து விலக்குகிற ரகமில்லை. குரல் உயர ஆரம்பித்தால் கண்ணாடிச் சாமான்களை எடுத்து உள்ளே வைப்பார். ஆட்களை எடுத்து வைக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், நிஜக் கலனுக்குப் புதிய அமிலக் குழாய் ஒன்று வைக்க மேலிடம் முடிவு செய்தது. குழாய் எங்கே இறங்க வேண்டும்? குளிர்நீர்க் குழாய்கள் ஒரு கட்டாகக் கலனுக்குள் நிற்கின்றன. சுழன்று வருகிற திரவம் கட்டின் ஒரு பக்கத்தில் அறையும். மறுபக்கம் அதன் மறைவில் செத்த மூலை. அறைகிற பக்கம் அமிலம் விழுந்தால் சிதறிக் கலக்கும். மறைவுப் பக்கம் விழுந்தால் கலக்காமல் தேங்கும். எது எந்தப் பக்கம் என்று அம்புக்காரர் சொல்ல வேண்டும்.

இதற்குத் தொட்டியைத் தட்டையாக, மேலிருந்து பார்ப்பதுபோலப் படமெடுக்க வேண்டும். மேலே மூடி, மோட்டார், கம்பிகள், பார்க்க வழியில்லை. கீழிருந்து பார்க்கலாம், ஆனால் கீழே கேமராவை வைத்தால் தொட்டி சொட்டும், முந்தைய கேமரா அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஆகவே தொட்டிக்கு அடியில் ஒரு முகக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தள்ளி நின்று அதில் தெரிந்ததைப் படம் பிடித்தார். அருமையான படங்கள். ஒவ்வொரு அம்பும் வேல்.

கண்ணாடி இடத்தை வலமாகக் காட்டும் என்பது மீசை வழிக்கிற எல்லாருக்கும் தெரியும். அம்புக்காரருக்கும் தெரியும். பொறுப்பான மனிதராகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டார். கீழிருந்து பார்ப்பதும் ஒரு திருப்பல்தான் என்பதை மறந்தார். கீழிருந்து பார்த்ததில் ஒரு முறை புரண்டது, கண்ணாடியில் மறுபடி புரண்டு நேராகியிருந்தது. இரண்டு புரட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துக் கிடந்த இடத்தில் இவர் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். சரியாக இருந்ததைத் திருத்தினார். செத்த மூலை பக்கம் மாறியது.

அந்தப் படத்தில் கலக்கியே தலைகீழ்த் திசையில் சுழல்வதாக அம்புகள் சொல்லின. ஐந்து அதிகாரிகள் அதில் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பார்ப்பார்கள். மற்றதைப் பார்க்க நேரம் ஏது? புதிய குழாய், செத்த மூலைக்கு நேராக, மிக உறுதியாகப் பற்றவைக்கப்பட்டது.

புதிய குழாயில் முதன்முதலாக அமிலம் விடுகிற நாளன்று மச்சானுக்கு மதிய ஷிப்ட். போகிற வழியில் தங்கை வீட்டில் சாப்பிட வந்தார். அம்புக்காரருக்கு அன்று விடுமுறை; வாய்க்கு இல்லை. இன்றைக்கு நான் காட்டின இடத்தில்தான் உங்கள் அமிலம் விழப்போகிறது என்று ஆரம்பித்தார். உன் அம்பு பிறப்பதற்கு முன்னாலிருந்தே ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார் மச்சான். ஊற்றத் தெரியும், எங்கே ஊற்றுகிறோம் என்று தெரியாது என்றார் இவர். தங்கை எழுந்து கண்ணாடிக் குவளைகளை எடுத்து உள்ளே வைத்தார்.

"பச்ச லைட்டப் போட்டுத் தண்ணிய வேடிக்க பாக்குறவன்லாம் எனக்கு வேலை சொல்றான்," என்றார் மச்சான் சோற்றைப் பார்த்தபடி.

எவர்சில்வர் செம்பு பறந்துபோய் மச்சானின் நெற்றியில் பட்டது. மச்சான் எழுந்தார். இடது கையால் சட்டையைப் பிடித்து, எச்சில் கையை மடக்கி, ஒரே குத்து. அம்புக்காரரின் புருவம் பிளந்தது, தலை மேசை முனையில் இடித்தது, ஆள் மல்லாந்தார். மச்சான் கை கழுவினார். சாப்பாடு நன்றாக இருந்தது என்று தங்கையிடம் சொன்னார். போய்விட்டார்.

அம்புக்காரர் தரையில் கிடந்தார். ஒரு கண் மூடிக்கொண்டது. இன்னொரு கண்ணுக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஓரமாக நின்ற பீரோவின் கண்ணாடியிலும் அதே விசிறி. மேலே இருந்தது ஒரு பக்கமாகச் சுற்றியது. கண்ணாடியில் இருந்தது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அடி பட்ட மூளை அப்படித்தான் காட்டும் என்று முதலில் நினைத்தார். பிறகு, மேல் மாடியில் நின்று தரையைத் தோண்டி இதே விசிறியை எட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் சுற்றும் என்று யோசித்தார். கண்ணாடியில் சுற்றுகிற பக்கம்தான் சுற்றும். அப்படியானால் கண்ணாடியில் தெரிந்ததே மேலிருந்து பார்த்த படம். அதைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. அவர் திருப்பியிருந்தார்.

மனைவி துணியோடு வந்து நின்றார்.

"எந்திரிங்க. ரத்தம் காஞ்சா தரையில கறை புடிச்சுக்கும்."

"உங்கண்ணன் செத்தான்," என்றார் அம்புக்காரர்.

"அத மொதல்ல எந்திரிச்சு நின்னு சொல்லுங்க."

அவர் எழுந்து நின்று, மிரட்டல் இல்லை என்றும், குழாய் செத்த மூலையில் இருக்கிறது என்றும் சொன்னபோது மனைவியின் கையிலிருந்த துணி விழுந்தது. அம்புக்காரர் மச்சானுக்குப் போன் போட்டார். கலன் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அது பூட்டிய பெட்டிக்குள் அடித்து ஓய்ந்தது. ஆலை அலுவலகத்துக்குப் போட்டார். சாப்பாட்டு நேரம். ஒற்றைக் கண்ணோடு ஸ்கூட்டரை எடுத்தார். வழியில் ஒரு தள்ளுவண்டியையும் ஒரு போக்குவரத்துக் கம்பத்தையும் இடித்தார். வண்டிக்காரர் துரத்தினார், பிடிக்க முடியவில்லை.

ஆலை வாசல் காவலர்களுக்கு இந்தக் குடும்பத்தை நன்றாகத் தெரியும். முகமெல்லாம் ரத்தமாக அம்புக்காரர் உள்ளே ஓடுவதைப் பார்த்ததும் நல்லெண்ணத்தோடு உள்தொலைபேசியில் கலன் கூடத்துக்குத் தகவல் கொடுத்தார்கள்: உங்கள் மாப்பிள்ளை வருகிறார், தயாராக இருங்கள். அவர் கதவைத் தள்ளியபோது நாலு பேர் தயாராக இருந்தார்கள். இருவர் கையைப் பிடித்தார்கள், ஒருவர் இடுப்பை, நாலாவதாக ஒரு தடியர் முன்னால் சுவர்போல நின்றார்.

மச்சான் அளவுமானிகளுக்கு முன்னால் நின்று திரும்பிப் பார்த்தார். நெற்றியில் செம்பு பட்ட இடம் புடைத்திருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு மலர்ச்சி.

"வா மாப்ளே. பாதி ஆசிட் உள்ள போயிடுச்சு, சூடே ஏறல. உன் அம்பு நல்ல அம்புதான் போல."

வாழ்நாளில் மச்சான் அவரைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். சூடு ஏறவில்லை என்றால் அமிலம் கலக்கவில்லை. விழுந்ததெல்லாம் செத்த மூலையில் குவியலாகத் தூங்குகிறது. சூடு போதவில்லை என்று மச்சான் நீராவி வால்வைத் திறந்து கலனை வெளியிலிருந்து சூடாக்கத் தொடங்கியிருந்தார். தூங்குகிறவனை எழுப்ப அதைவிட நல்ல வழி கிடையாது.

"மச்சான், படம் தப்பு. கொழாய செத்த மூலையில வெச்சிருக்கோம். ஆசிட் அப்படியே கெடக்கு. ஆவிய மூடிட்டு எல்லாரும் வெளிய வாங்க."

"ஒரு குத்துக்கே அம்பு திரும்பிடுச்சாடா?"

நாலு பேரும் சிரித்தார்கள். அம்புக்காரர் முழங்கையால் ஒருவரின் விலாவில் இடித்து, சுவரிலிருந்த அபாயப் பொத்தானை அடித்தார். சங்கு ஊளையிட்டது. அந்தச் சங்கு வாரத்தில் பாதி நாள் காரணமில்லாமல் ஊளையிடும். மச்சான் கொசுவை அடிப்பதுபோல அதை நிறுத்தினார். அம்புக்காரர் நீராவி வால்வை நோக்கிப் பாய்ந்தார். தடியர் அவர் வயிற்றில் ஒரு முட்டு முட்டினார். முட்டி போட்டு விழுந்தவரின் முதுகில் யாரோ மிதித்தார்கள். இரும்புத் தரையில் பல் ஒன்று உருண்டு போனது. பழக்கப்பட்ட குடும்பச் சண்டை என்பதால் யாருக்கும் கோபம்கூட இல்லை. வேலையோடு வேலையாக அடித்து, மறுபடி கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

தரையில் கிடந்தபடி அவர் வெப்பமானியைப் பார்த்தார். முள் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது, இந்த முறை நிற்கவில்லை.

சொல்லிப் புரியவைக்க நேரம் இல்லை. அடித்து இழுத்துப் போக ஐந்து பேர் அதிகம். அப்போதுதான் கல்யாணத்தன்று செருப்பில்லாமல் துரத்திய ஒரு கால் அவருக்கு நினைவு வந்தது. கைகளைத் தளரவிட்டார். தோற்றவன்போலத் தலையைத் தொங்கப் போட்டார்.

"தெரியாம பண்ணிட்டேன் மச்சான். கிட்ட வாங்க, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இவனுங்க காதுல விழ வேணாம்."

மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்பதைக் கேட்க மச்சான் பல வருடம் காத்திருந்தவர். குனிந்து இடது காதைக் கொடுத்தார். அம்புக்காரர் கடித்தார். மிச்சமிருந்த பல் எல்லாவற்றையும் சேர்த்துக் கடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். காது மடலின் கீழ்ப்பாதி அவர் வாயோடு வந்தது. மச்சான் அலறிய அலறலில் பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். அம்புக்காரர் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு ஓடினார்.

அவ்வளவுதான். மச்சானுக்குக் கண் தெரியவில்லை. ஒரு பெரிய ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு, கழுத்தெல்லாம் ரத்தம் வழிய, பின்னாலேயே பாய்ந்தார். கொலை விழுந்துவிடுமே என்று இருவர் ஓடினார்கள். கொலையைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் ஓடினார். தனியாக நிற்கப் பயந்து தடியர் கடைசியில் ஓடினார். பணியிடத்தை விட்டு யாரும் அகலக் கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கூடத்தில் அதைப் படிக்க யாரும் இல்லை.

முற்றத்தின் கோடியில் காலி டிரம்கள் அடுக்கிய இடத்தில் மச்சான் பிடித்துவிட்டார். பின்மண்டையில் ஒன்று போட்டுச் சாய்த்து, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, ஸ்பானரை ஓங்கினார்.

கூடம் வெடித்தது. முதலில் ஓர் உறுமல், பிறகு கூரைத் தகடுகள் சீட்டுக்கட்டு மாதிரி மேலே பறந்தன. சன்னல்கள் மொத்தமாக வெளியே வந்தன. பழுப்புப் புகை கதவைப் பெயர்த்துக்கொண்டு வெளியே கொட்டியது. ஓடி வந்துகொண்டிருந்த தடியரின் முதுகில் கண்ணாடிச் சில்லுகள் சொருகி, அவர் முகம் குப்புற மண்ணில் சறுக்கினார். டிரம்கள் சரிந்து உருண்டன. காற்று விட்ட அறையில் மச்சான் கவிழ்ந்து அம்புக்காரர்மேலேயே விழுந்தார். ஓங்கிய ஸ்பானர் இறங்கி அம்புக்காரரின் தோள் எலும்பை முறித்தது. மச்சான் தலையைத் தூக்கி, தான் சற்று முன் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே அளவுமானிப் பலகை இல்லை, சுவரும் இல்லை. ஒரு செத்த மூலை தூக்கம் கலைந்து எழுந்து போயிருந்தது.

ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். அரைக் காது மட்டும் கூடத்திலேயே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒட்டவைக்கலாம், கொண்டு வாருங்கள் என்றார்கள். எதைக் கொண்டுபோவது?

விசாரணை நடந்தது. கையெழுத்துப் போட்ட ஐவரும் கலக்கி பழுது என்று ஒருமனதாக நினைவுகூர்ந்தார்கள். படத்தைத் தப்பாகத் திருப்பியது நான் என்று அம்புக்காரர் சொன்னபோது, அவருக்குத் தலையில் அடிபட்டிருப்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று ஐவரில் மூத்தவர் பரிவோடு விளக்கினார். அம்புக்காரர் கட்டுப் போடாத கையால் அந்தப் பரிவின் தாடையில் ஒன்று விட்டார். அதன்பிறகு நம்பினார்கள். அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். லேசரைத் தொட வேறு யாருக்கும் துணிச்சல் வராததால் திரும்பவும் அழைத்துக்கொண்டார்கள்.

மச்சான் தங்கை வீட்டுப் பக்கம் வரவே இல்லை. எங்கே, எப்போது, எதால் அடிப்பார் என்று தெரியாமல் அம்புக்காரர் இளைத்துப்போனார். சும்மா நிற்கிறவனிடம்தான் கத்தி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடிச் சாமான்களை உள்ளே எடுத்துவைத்தார்.

மச்சான் உட்காரவில்லை. எப்படித் தப்பானது என்று கேட்டார். அம்புக்காரர் கைகளைப் புரட்டிப் புரட்டி விளக்கினார். மச்சானுக்குப் புரியவில்லை. முழித்தார். படுங்கள் என்றார் அம்புக்காரர். இருவரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து, விசிறியையும் பீரோக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அப்ப நீ ஒண்ணும் பண்ணாம விட்டிருந்தா சரியா இருந்திருக்கும்," என்றார் மச்சான்.

"ஆமா மச்சான்."

"சும்மா இருந்திருந்தாலே போதும்."

"ஆமா."

மச்சான் எழுந்திருக்காமலே புறங்கையால் அம்புக்காரரின் வாயில் ஒன்று வைத்தார். உதடு கிழிந்தது. "முடிஞ்சுதா? சாப்பாடு போடவா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. மச்சான் எழுந்து சாப்பிட உட்கார்ந்தார். இனிமேல் தொட்டியில் ஏதாவது அடையாளம் வைத்துத் தொலை என்றார், இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது.

அம்புக்காரர் வைத்தார். இப்போது அவருடைய தொட்டி ஒவ்வொன்றின் அடியிலும், மேலே பார்க்கும்படி, மச்சானுடைய முகம் மெல்லிய பிளாஸ்டிக் தாளில், கீழிருந்தும் ஊடுருவித் தெரிகிற மாதிரி ஒட்டியிருக்கும். முகத்தில் இடது காது பாதிதான். எந்தப் படத்தை எப்படி எடுத்தாலும், எத்தனை கண்ணாடி வைத்தாலும், அந்த அரைக் காது வேறு பக்கத்தில் தெரிந்தால் படம் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். வேறு எதையும் நம்புவதில்லை.

ஒட்டின அன்று மச்சான் பார்க்க வந்தார். இருட்டறையில், பச்சை ஒளியில், சுழல்கிற தண்ணீருக்கு அடியில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் படத்தில் சிரித்திருக்கலாம் என்று தோன்றியதோ என்னவோ. பிறகு அம்புக்காரர் பக்கம் திரும்பினார்.

"காதக் குடு மாப்ளே. ஒண்ணு சொல்லணும்."

கதவு திறந்துதான் இருந்தது. அம்புக்காரர் கதவைப் பார்த்தார். ஓடுகிறவனுக்கு என்ன கிடைக்கும், நிற்கிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்?

"எந்தக் காது மச்சான்?"

மச்சான் தொட்டியைப் பார்த்தார். அடியிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். தன் காதைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னக் கேட்டா? அம்பு போடுறவன் நீ."

அம்புக்காரர் நின்ற இடத்தில் நின்று இடது காதைக் கொடுத்தார். பல் தடம் இன்றைக்கும் இருக்கிறது. மடல் முழுசாகத்தான் இருக்கிறது.